செரெங்கெட்டிக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்?

வடக்குத் தான்சானியாவுக்கு வர விரும்புகிறவர்கள் முதலில் அனுப்பும் விசாரிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஐந்தாறு நாள்; தரங்கிரே, மன்யாரா, இங்கோரோங்கோரோ, செரெங்கெட்டி என்ற காட்டுவிலங்குப் பகுதிகள் நான்கும் வேண்டும்; முடிந்தால் கடைசியில் சான்சிபார் தீவு. அரூஷா நகரில் உட்கார்ந்து பயணத் திட்டம் போடும் எங்களுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்ததும் யானையும் சிங்கமும் கண்ணுக்கு வருவதில்லை. சாலைதான் வருகிறது. எந்த நாளில் எத்தனை மணி நேரம் வண்டியிலேயே போகும், பூங்காவுக்குள் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்ற கணக்குத்தான் இந்த வேலையின் பெரும்பகுதி.

அரூஷாவிலிருந்து தரங்கிரே வாசல் சுமார் 120 கி.மீ. நல்ல தார்ச்சாலை, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். மகுயுனி சந்திப்பில் மேற்கே திரும்பினால் மன்யாரா ஏரியோரம். அங்கிருந்து பிளவுப் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவில் ஏறினால் கராட்டு ஊர். அதுவரை மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். கராட்டுவைத் தாண்டிச் சிறிது தூரத்தில், இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியின் லோடுவாரே வாசலோடு தார் முடிகிறது. இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி இறங்கி, சமவெளியைக் கடந்து செரெங்கெட்டியின் வாசலான நாபி குன்று வரைக்கும் மண்ணும் சரளையும்தான். அந்தச் சாலை தகரக் கூரைபோல வரிவரியாக விழுந்து கிடக்கும். அரூஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரோனேரா சுமார் 330 கி.மீ. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைக் கணக்கில் இதை ஐந்து மணி நேரம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். மாரா ஆற்றங்கரையான வடக்குக் கொகடெண்டேவுக்குச் செரோனேராவிலிருந்து இன்னும் நாலு மணி நேரம். பூங்காவுக்குள் வேக வரம்பு 50 கி.மீ.; இருட்டிய பிறகு வண்டி ஓட்டவே கூடாது. ஆகவே வழியில் இழந்த நேரத்தை இரவில் ஈடுகட்ட முடியாது.

ஆறு இரவுகள் இருப்பவருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: தரங்கிரேயில் ஒன்று, செரெங்கெட்டியில் மூன்று, திரும்பும் வழியில் கராட்டுவில் ஒன்று, கடைசி இரவு அரூஷாவில். மன்யாராவை விட்டுவிடுங்கள். அழகான பூங்காதான், நிலத்தடி நீரால் செழித்த காடும் மரமேறும் சிங்கங்களும் உண்டு. ஆனால் அதற்காக ஒதுக்கும் அரை நாளைச் செரெங்கெட்டியின் ஒரு காலைப்பொழுதிலிருந்துதான் பிடுங்கியாக வேண்டும். அந்தப் பண்டமாற்று நட்டம்.

அடுத்தது அனுமதிச் சீட்டு. இங்கே பூங்கா நுழைவு 24 மணி நேரக் கணக்கு, வாசலில் பதிவாகும் நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும். மூன்று இரவுக்குக் கட்டணம் கட்டி காலை 11 மணிக்கு நாபி குன்று வாசலில் நுழைந்தால், மூன்று நாள் கழித்து 11 மணிக்குள் அதே வாசலைத் தாண்டியாக வேண்டும். செரோனேராவிலிருந்து நாபி குன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது கடைசி நாளின் அருமையான காலை, சிறுத்தையைக் கண்ட மரத்தடியில் நிற்கும்போதே, கடிகாரத்தைப் பார்க்க வைத்துவிடும். நுழைவை மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்குத் தள்ளி வைத்தால் கடைசிக் காலை முழுதாகக் கையில் இருக்கும். வாசலிலேயே மதிய உணவை முடித்து, நாபி குன்றின் மேல் ஏறிச் சமவெளியைப் பார்த்துவிட்டு, பிறகு பதிவு செய்தால் போதும். தாமதமானால் இன்னொரு முழு நாள் கட்டணம், வண்டியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும்.

செரெங்கெட்டிக்குப் போகும் வழி இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியின் ஊடாகப் போகிறது. பள்ளத்துக்குள் இறங்காமல் கடந்து மட்டும் போனாலும் கட்டணம் உண்டு. போகும்போதும் வரும்போதும் தனித்தனி. பல விலைப் பட்டியல்களில் இது கண்ணில் படாமல் போய், பிறகு சண்டையாகிறது. ஒரு வழியை விமானத்தில் போனால் ஒரு கட்டணமும் ஒரு முழுநாள் குலுக்கலும் மிச்சம். பன்னிரண்டு பேர் அளவில் ஏறும் செஸ்னா கேரவன் விமானம். ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் அதற்குள் அடக்கம், பை துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த வயிற்றறைக்குள் நுழையாது.

வாசல்களில் ரொக்கம் வாங்குவதில்லை. முந்தைய நாளே இணையத்தில் கட்டணத்தைச் செலுத்தி ரசீதை எடுத்து வைக்கிறோம். வாசலில் இணையம் படுத்துவிட்டால், முன்கூட்டியே கட்டாத வண்டிகள் வெயிலில் வரிசையில் நிற்கும்.

இங்கோரோங்கோரோ பள்ளம் தனிக்கதை. சுமார் 600 மீட்டர் ஆழம், 260 சதுர கி.மீ. தரை. கீழே இறங்க வண்டி ஒன்றுக்குத் தனிக்கட்டணம். வரியோடு 295 டாலர் என்ற அளவில் இருந்து வருகிறது. இரண்டு பேர் வந்தாலும் ஆறு பேர் வந்தாலும் அதே தொகை, ஆகவே சிறு குழுவுக்குத்தான் இது கடிக்கும். மேற்கே செனெட்டோ பாதையில் இறங்கி, தெற்கே லெராய் பாதையில் ஏறுவது வழக்கம். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போதே அங்கே இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. கராட்டு விடுதிகளில் காலை உணவு ஆறரைக்குத்தான் தொடங்கும். அதைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் கீழே போய்ச் சேரும்போது ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டி நிற்கும். முந்தைய இரவே பொட்டலம் சொல்லி வைத்து ஐந்தரைக்குப் புறப்படுவது மேல். விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். மூடுபனியும் குளிரும் நிச்சயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கம்பளிச் சட்டை இல்லாமல் கூரை திறந்த வண்டியில் நிற்க முடியாது.

கீழே என்ன இருக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பள்ளத்துக்குள் ஒட்டகச்சிவிங்கி கிடையாது. இம்பாலா மானும் இல்லை. யானைகள் பெரும்பாலும் முதிர்ந்த ஆண்கள்தான். குட்டிகளோடு கூட்டத்தைப் பார்க்கத் தரங்கிரேதான். கருப்புக் காண்டாமிருகம் உண்டு, ஆனால் பல நாளில் அது தொலைவில் ஒரு கரும்புள்ளி. தொலைநோக்கி கட்டாயம், 8×42 அளவு போதும், ஆளுக்கொன்று வேண்டும். பத்தரைக்கு மேல் தரை சூடேறிக் காற்று நடுங்கும்; அப்போது எடுக்கும் தொலைவுப் படங்கள் மங்கலாக வருவது லென்ஸின் குறையல்ல. வண்டியை விட்டு இறங்கலாம் என்ற இடங்கள் சிலவே. அவற்றில் ஙோய்டோகிடோக் ஊற்றங்கரையில் பருந்துகள் கையிலிருக்கும் உணவைப் பாய்ந்து பறித்துக்கொண்டு போகும், நகம் பட்டுக் கிழிந்த விரல்கள் உண்டு. சாப்பாடு வண்டிக்குள்ளேயே.

இனி பருவம். பயணத்தை அதிகமாகக் கெடுப்பது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். செரெங்கெட்டி 14,763 சதுர கி.மீ. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட்களும் (மாடுபோன்ற பெரிய மான்கள்) லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மான்களும் மழையைத் தொடர்ந்து அதற்குள்ளும் கென்யாவின் மாசாய் மாராவுக்குள்ளும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே ண்டுட்டுப் பக்கம். மே, ஜூனில் மேற்கே குருமெட்டி ஆற்றுப்பக்கம். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆறு. நவம்பரில் மறுபடி தெற்கு நோக்கி. விடுதியின் பெயரில் ‘செரெங்கெட்டி’ இருக்கிறது என்று பிப்ரவரிக்குக் கொகடெண்டேவில் அறை எடுத்தால் பெருங்கூட்டம் நூற்றுக்கு மேற்பட்ட கி.மீ. தள்ளி இருக்கும். ஆகஸ்டில் ண்டுட்டுவில் எடுத்தால் புழுதியும் காய்ந்த புல்லும்தான் வரவேற்கும். மாதத்தை முதலில் சொல்லுங்கள், இடத்தை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளலாம்.

ண்டுட்டுவுக்கு வில்டபீஸ்ட்கள் ஏன் போகின்றன என்பது தெரிந்தால் அந்தச் சமவெளி வேறு மாதிரி தெரியும். அங்கே நிலம் எரிமலைச் சாம்பலால் ஆனது. மேல்மண்ணுக்குக் கீழே சாம்பல் இறுகிப் பாறைபோலக் கிடப்பதால் மரங்கள் வேர்விட முடிவதில்லை. குட்டைப் புல் மட்டும் வளர்கிறது. அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி, பால் கொடுக்கும் தாய்களுக்கு வேண்டியது அதுதான். மரமற்ற வெளியில் பதுங்கி வரும் சிங்கத்தையும் எளிதில் பார்த்துவிடலாம். பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடுகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் பிறப்பதால் கழுதைப்புலிகளாலும் சிங்கங்களாலும் தின்று தீர்க்க முடிவதில்லை. கன்று பிறந்த சில நிமிடங்களிலேயே எழுந்து நிற்பதைப் பார்க்கும் எவரும் மௌனமாகிவிடுவார்கள். ஆனால் ண்டுட்டுவில் ஒரு சிக்கல்: பாதுகாப்புப் பகுதிக்கும் தேசியப் பூங்காவுக்கும் நடுவிலுள்ள எல்லை அங்கேதான் ஓடுகிறது, தரையில் வேலியோ கோடோ கிடையாது. பாதுகாப்புப் பகுதிப் பக்கம் தடத்தை விட்டு விலகி ஓட்ட அனுமதி உண்டு. பூங்காப் பக்கம் கிடையாது, மீறினால் அபராதம். அனுமதிச் சீட்டும் இரண்டுக்கும் வேறு வேறு. முகாம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

மாரா ஆற்றைக் கூட்டம் கடப்பதைப் பற்றி மனம் விட்டுச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. மேட்டில் கூட்டம் சேரும், புழுதி எழும், முன்வரிசை கரை விளிம்புக்கு வந்து தண்ணீரைப் பார்க்கும், திரும்பிவிடும். இது பல மணி நேரம் நடக்கும். ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து எதுவும் நடக்காமல் திரும்புவது சாதாரணம். அதனால்தான் அங்கே மூன்று இரவுக்குக் குறைவாகப் போடுவதில்லை. நல்ல ஓட்டுநர் வண்டியைக் கரையிலிருந்து தள்ளி, புதர் மறைவில், இன்ஜினை அணைத்து நிறுத்துவார். முதல் விலங்குகள் நீரில் இறங்கி வரிசை அறுபடாமல் ஓடத் தொடங்கிய பிறகுதான் மெல்ல முன்னே போவார். ஒரே ஒரு வண்டி அவசரப்பட்டு முன்னே பாய்ந்தால் கூட்டம் கலைந்து, சரிவு அதிகமான வேறு கரையைத் தேடிப் போகும். அங்கே நெரிசலில் கால் முறிகிறது, கன்று தாயைப் பிரிகிறது. ஒரு படத்துக்காக அந்தச் சாவை வரவழைக்க நமக்கு உரிமை இல்லை. ‘கொஞ்சம் முன்னாடி போங்க அண்ணா’ என்று பின்னிருக்கையிலிருந்து வரும் சொல்லுக்கு மறுப்புச் சொல்வது, அன்பளிப்பையும் நம்பி வாழும் ஓட்டுநருக்குக் கடினம். அதனால் பயணம் தொடங்கும் முன்பே பயணிகளிடம் இதைப் பேசிவிடுவதை எங்கள் கடமையாக வைத்திருக்கிறோம்.

வண்டி என்றால் இங்கே நீளம் கூட்டிக் கட்டிய லேண்ட் க்ரூஸர், தூக்கும் கூரையோடு. ஏழு இருக்கை இருந்தாலும் ஆறு பேருக்கு மேல் ஏற்றினால் யாராவது ஒருவருக்கு ஜன்னல் கிடைக்காது. படம் எடுப்பவர்கள் என்றால் நால்வர் போதும். இரண்டு உபரிச் சக்கரம், உயர்ஜாக்கி, அதன்கீழ் வைக்க ஒரு பலகை, இழுகயிறு, மண்வெட்டி, வயர்லெஸ், காற்று வடிகட்டி ஒன்று கூடுதலாக. அடிக்கடி போவது ஸ்பிரிங் பட்டையும் ஷாக் அப்சார்பரும்தான், வரிவிழுந்த சாலையின் வேலை. மழைக்காலத்தில் மேற்குப் பகுதியின் மண் நம் கரிசல் மண்ணேதான்: நனைந்தால் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு வழுக்கும். அதில் நடுவே நிறுத்தக் கூடாது. நான்கு சக்கர இயக்கத்தைத் தாழ்கியரில் போட்டு, இரண்டாம் கியரில், ஒரே சீராக மிதித்துக் கடக்க வேண்டும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் மேலும் மிதித்தால் அச்சு வரை புதைந்துவிடும். அந்த நொடியில் காலை எடுத்துவிட்டு, பின்னால் வரும் வண்டிக்குக் கயிறு கொடுப்பதே வழி.

உடையில் ஒரே விதி: கருநீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சி ஈயை அந்த நிறங்கள் இழுக்கும். தரங்கிரேயிலும் செரெங்கெட்டியின் மேற்கு, வடக்கு மரக்காடுகளிலும் மரங்களில் தொங்கும் நீலக்கறுப்புத் துணிகள் அதற்கு வைத்த பொறிகள். இந்த ஈ ஜீன்ஸைத் துளைத்துக் கடிக்கும், கொசு மருந்து அதற்கு அவ்வளவாகப் பலிக்காது. காக்கியோ வெளிர்ப்பழுப்போ போடுங்கள், ஈ மிகுந்த இடங்களில் கூரையை மூடிக்கொண்டு ஓடுங்கள். கேமராவுக்கு முக்காலி பயன்படாது. வெறும் துணிப்பையைக் கொண்டுவந்து கராட்டுச் சந்தையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பினால் லென்ஸ் வைக்கத் திண்டு தயார். திரும்பும்போது அரிசியை யாருக்காவது கொடுத்துவிடலாம். 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் கடைப்பைகளுக்கு நாடு முழுதும் தடை, விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். ட்ரோனையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சைவம் என்றால் முட்டை, மீன் உட்பட என்னென்ன கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். மதியப் பொட்டலத்தில் கோழித்துண்டு வழக்கமாக வந்துவிடும்.

நைரோபி வழியாக வந்து கென்யாவிலும் தங்குகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்பதிவுக்கும் சேர்த்து ஒரு மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

வண்டி நெரிசல் வேண்டாம் என்பவர்களைத் தெற்கே அனுப்புவோம். 2019-ல் செலூஸ் காப்பகத்திலிருந்து பிரித்து உருவாக்கிய நியெரெரெ தேசியப் பூங்கா செரெங்கெட்டியைவிட இரு மடங்கு பெரியது. ருஃபிஜி ஆற்றில் படகில் போய் நீர்யானைகளையும் முதலைகளையும் பார்க்கலாம். ருவாஹா தேசியப் பூங்காவில் சிங்கம் மிகுதி, மனிதர் மிகக் குறைவு. ஆனால் மேல்புறத்து நெல் வயல்களுக்குத் தண்ணீர் போவதால் மழையற்ற மாதங்களில் அங்குள்ள ருவாஹா ஆறு வற்றிக் குட்டைகளாகிறது. எஞ்சிய குட்டைகளைச் சுற்றி விலங்குகள் குவிவதால் காட்சி நன்றாக இருக்கும். அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். ஏப்ரல், மே பெருமழை மாதங்களில் தெற்கு முகாம்கள் பல மூடிவிடும். வடக்கில் அப்போது விலை குறையும், சாலை கெடும், செரோனேரா மட்டும் பரவாயில்லை. அங்கே சிங்கமும் சிறுத்தையும் ஆண்டு முழுதும் இருக்கும்.

கடைசி நாள் காலையில் செரெங்கெட்டியில் சுற்றிவிட்டு அன்றிரவே கிளிமஞ்சாரோ நிலையத்தில் விமானம் ஏற முடியுமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் எப்போதும் ஒன்றுதான்: சாலை வழியாக என்றால் முடியாது. ஒரு ஸ்பிரிங் பட்டை போதும், விமானம் போய்விடும். அந்த இரவை அரூஷாவில் வையுங்கள்.