தோட்டா விலையிலிருந்து தொடங்குங்கள்: டெக்சாஸில் நான் ரைபிள் வாங்கிய அனுபவம்

டெக்சாஸில் ரைபிள் வாங்குவது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். வாங்குவது எளிதுதான். எதை வாங்குவது என்று தீர்மானிப்பதில்தான் எனக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கப் போனது. காகித இலக்கில் சுடுவது என் பொழுதுபோக்கு. நண்பர்களின் துப்பாக்கியில் சுட்டுப் பழகியதில், சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்தது. ராணுவ ரைபிள் சாயலில் வரும் செமி ஆட்டோமேட்டிக், அதாவது விசையை ஒரு முறை இழுத்தால் ஒரே ஒரு தோட்டா போகும் வகை. செலவழிக்க நினைத்தது 700 டாலர். இதே யோசனையில் இருக்கும் நம்மவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் விசா. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், நண்பருடைய துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நான் கிரீன் கார்டு வந்த பிறகே இந்தப் பக்கம் போனேன். இன்னொன்று, மாநிலம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, 2023 முதல் இல்லினாய், வாஷிங்டன் ஆகிய மாநிலங்களில் இந்த வகை ரைபிள்களுக்குக் கடுமையான தடைகள் இருக்கின்றன. நான் கீழே எழுதுவது டெக்சாஸ் கதை.

மனசு முதலில் போனது எஸ்.கே.எஸ் மேல். ரேஞ்சில் பக்கத்து மேசையில் சுடும் ஒரு பெரியவர் தன்னுடையதைக் கொடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொன்னார். சோவியத் வடிவமைப்பாளர் சிமனோவ் உருவாக்கிய, 1945 மாடல் ரைபிள். மரக் கட்டை, மடக்கி வைக்கும் பயனெட் கத்தி, உடலோடு சேர்ந்த மேகசின், அதாவது பத்துத் தோட்டா பிடிக்கும் பெட்டி. பத்துத் தோட்டாக்களைக் கோத்த சின்ன இரும்புப் பட்டையை மேலே செருகி, கட்டைவிரலால் அழுத்தி உள்ளே இறக்க வேண்டும். நிதானமாகச் சுட வைக்கும் துப்பாக்கி. சுட்டு முடித்ததும் இதுதான் எனக்கு என்று முடிவே செய்துவிட்டேன்.

ஆனால் அது மலிவான துப்பாக்கியாக இருந்த காலம் போய்விட்டது. பெரியவர் தன்னுடையதை 1990-களின் தொடக்கத்தில் நூறு டாலருக்கும் குறைவாக வாங்கியிருக்கிறார். 1994-இல் கிளிண்டன் அரசு சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தியது. பிறகு யூகோஸ்லாவிய ரைபிள்கள் நிறைய வந்தன, அவையும் மெல்லத் தீர்ந்தன. நான் தேடியபோது நல்ல நிலையில் இருந்த எதுவும் 500 டாலருக்குக் கீழே இல்லை.

கடையொன்றில் யூகோஸ்லாவிய எஸ்.கே.எஸ், 59/66 மாடல் ஒன்று இருந்தது. பெரியவர் சொல்லிக் கொடுத்தபடி அதைப் பார்த்தேன். பழைய ராணுவ ரைபிள் வாங்க நினைக்கும் யாருக்கும் இது தேவைப்படும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்), மூடி, விசைத்தொகுதி, கட்டை இவற்றில் உள்ள வரிசை எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பேரலுக்குள், அதாவது குழலுக்குள், விளக்கடித்துப் பார்க்க வேண்டும். யூகோஸ்லாவியப் பேரல்களுக்கு உள்ளே குரோம் பூச்சு கிடையாது, அதனால் துருக்குழிகள் எளிதில் விழும். இந்த மாடலில் கிரெனேடு ஏவுவதற்காக ஒரு கேஸ் வால்வு உண்டு. அது அரித்துப்போயிருந்தால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு சரியாக வெளியே வராது. எல்லாவற்றையும் விட முக்கியம், போல்ட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்ப்பது. உள்ளே இருக்கும் ஃபயரிங் பின், அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி, கலகலவென்று ஆட வேண்டும். இந்த ரைபிள்கள் பல வருடங்கள் காஸ்மோலின் என்ற கெட்டி மசகில் முக்கி வைக்கப்பட்டவை. அந்த மசகு இறுகி, ஊசி முன்பக்கம் நீட்டியபடி ஒட்டிக்கொண்டால், போல்ட் மூடிய கணமே விசையைத் தொடாமல் தோட்டா வெடிக்கலாம். நான் பார்த்த துப்பாக்கியின் போல்ட்டை ஆட்டியபோது சத்தமே வரவில்லை. அதைச் சுத்தம் செய்துகொள்ளலாம். பேரலில் இருந்த குழிகளை ஒன்றும் செய்ய முடியாது. திருப்பி வைத்துவிட்டேன்.

எஸ்.கே.எஸ் ஆசையை முழுதாக விட வைத்தது தோட்டா. ரஷ்யாவிலிருந்து வந்த 7.62×39 அளவுத் தோட்டாக்கள்தான் இந்தத் துப்பாக்கிக்குப் பல வருடங்கள் மலிவுத் தீனி. 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்தியது, விலை ஏறியது. விலையாவது பரவாயில்லை. எங்கள் ரேஞ்சில் நுழையும்போதே அலுவலர் ஒரு காந்தத்தைத் தோட்டாவின் முனையில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் அனுமதி இல்லை. இரும்பு கலந்த தோட்டா பின்சுவரைக் கெடுக்கும், பொறி பறந்து தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. மலிவான 7.62×39 தோட்டாக்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் நிற்காது. காந்தம் ஒட்டாத, பித்தளைக் கூட்டில் வரும் தோட்டா நான் பார்த்தபோது ஒன்று 75 சென்ட் வரை வந்தது. பழைய ராணுவச் சரக்கு கிடைத்தால் அதில் பல அரிக்கும் ரகம். சுட்ட அன்றே பேரலை வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் துரு ஏறும்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதத்துக்கு நூறு தோட்டா சுட்டால் வருடத்துக்கு 1,200. ஒரு தோட்டா 75 சென்ட் என்றால் 900 டாலர். அப்போது ஏ.ஆர்-15 வகை ரைபிள்களில் போடும் .223 அளவுத் தோட்டா 45 சென்ட்டுக்குக் கிடைத்தது, வருடத்துக்கு 540. அதைவிடப் பெரிய .308 என்றால் 1,200 டாலரை நெருங்கும். துப்பாக்கியின் விலையை ஒரே முறைதான் கொடுக்கிறோம், தோட்டாவின் விலையை ஒவ்வொரு மாதமும் கொடுக்கிறோம். மோட்டார் பைக் வாங்கும்போது மைலேஜ் கேட்பது மாதிரி, முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் தோட்டா, அடுத்து உங்கள் ரேஞ்சின் விதிகள், அப்புறம்தான் ரைபிள். சுடவே புதிதாகக் கற்றுக்கொள்பவர் என்றால் சின்னத் தோட்டா போடும் .22 ரைபிளைத்தான் நான் சொல்வேன். தோட்டா பத்து சென்ட்டுக்குள் முடிந்துவிடும், தோளில் உதையும் கிடையாதென்றே சொல்லலாம்.

எம்1 கேரண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க ரைபிள். சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு ராணுவத்தின் பழைய துப்பாக்கிகளை நேரடியாக விற்கிறது. ஆனால் வாங்குபவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

கடைசியில் நின்றது ஏ.ஆர்-15. ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தது. அதன் காப்புரிமை 1977-இல் காலாவதியானதால் இன்று ஏராளமான நிறுவனங்கள் அதே ரைபிளைச் செய்கின்றன. போட்டியால் விலை குறைவு, உதிரிபாகங்கள் எங்கும் கிடைக்கும். நான் எடுத்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 15 ஸ்போர்ட் 2. பதினாறு அங்குலப் பேரல், குறிபார்க்க முன்னால் நிலையான இரும்புச் சைட், பின்னால் மடங்கும் சைட். தோட்டா உட்காரும் அறை 5.56 நேட்டோ அளவில் இருப்பதால் 5.56, .223 இரண்டையும் போடலாம். .223 என்று மட்டும் பொறித்த துப்பாக்கியில் 5.56 போடக் கூடாது. அழுத்தம் எல்லை மீறும். விற்பனையாளர்களே சில நேரம் இதைச் சொல்வதில்லை, பேரலில் பொறித்திருப்பதை நீங்களே படியுங்கள்.

வீட்டில் மனைவி ஒரே நிபந்தனைதான் போட்டாள். "லாக்கர் வந்து சுவத்துல போல்ட் போட்டு மாட்டுன பிறகுதான் துப்பாக்கி வாசலத் தாண்டணும்." அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சுடத் தயாரான துப்பாக்கியைப் பாதுகாப்பின்றி வைத்து, அது பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்தால், வைத்தவர் மேல் டெக்சாஸ் சட்டப்படி குற்றமும்கூட. லாக்கர், காதுக் கவசம், கண்ணாடி இவற்றின் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். எனக்கு அது 700 டாலரைத் தாண்டிவிட்டது. அந்தச் செலவில் எனக்கு வருத்தமே இல்லை.

கடையில் நிரப்ப வேண்டியது 4473 என்ற படிவம். நம் பெயர்தான் முதல் சிக்கல். அடையாள அட்டையில் இருப்பது போலவே எழுத்து பிசகாமல் எழுதுங்கள், அப்பா பெயர் கடைசிப் பெயராக இருந்தாலும் சரி. கிரீன் கார்டுக்காரர்கள் கார்டில் உள்ள ஏலியன் எண்ணையும் எழுத வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால், இப்போதைய முகவரி உள்ள வேறொரு அரசு ஆவணம் தேவை. எனக்கு வண்டிப் பதிவுச் சீட்டு கைகொடுத்தது. கஞ்சா சட்டப்பூர்வமான மாநிலத்திலிருந்து வருபவர்கள் கவனியுங்கள், கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் தடை, படிவத்தில் அதைப் பற்றிக் கேள்வி உண்டு. இன்னொருவருக்காக உங்கள் பெயரில் வாங்குவதும், படிவத்தில் பொய் எழுதுவதும் கடும் குற்றங்கள்.

படிவத்தைக் கொடுத்ததும் நடக்கும் பின்னணிச் சோதனையின் பதில் மூன்றில் ஒன்றாக வரும்: அனுமதி, தாமதம், மறுப்பு. எனக்கு வந்தது தாமதம். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட வேறு யாருடைய பதிவோ குறுக்கே வந்தாலும் இப்படி வரும் என்று கடைக்காரர் விளக்கினார். அனுமதி வந்ததும் போய் எடுத்து வந்தேன். அடிக்கடி தாமதம் வருபவர்கள் எஃப்.பி.ஐ-யிடம் விண்ணப்பித்து ஒரு தனி அடையாள எண் வாங்கிக்கொண்டால் அடுத்த முறை குழப்பம் குறையும்.

முதலில் 25 கஜத்தில் சைட்டைச் சரிசெய்து, பிறகு 100 கஜத்துக்குப் போனேன். முன் சைட்டின் கம்பியைக் கீழே இறக்கினால் தோட்டா மேலே போகும், உயர்த்தினால் கீழே போகும். பின் சைட்டுக்கு இது நேர் எதிர். மூன்று தோட்டா சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்த பிறகே திருக வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் திருகினால் பெட்டி காலியாகுமே தவிர சைட் நிற்காது. ரேஞ்சில் சுடுவதை நிறுத்தச் சொன்னதும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து வைத்துச் சுடும் கோட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். கிளம்பும் முன் கைகளைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயத்தூள் விரலில் இருக்கும்.

சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் ரெட் டாட் சைட் வாங்கச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். நான் இன்னும் வாங்கவில்லை. 100 கஜத்தில் பத்துத் தோட்டாவும் இரும்புச் சைட்டிலேயே நான்கு அங்குல வட்டத்துக்குள் விழட்டும். அதுவரை அந்தப் பணம் தோட்டாவுக்குத்தான்.