சுலுவுக்குப் பெயர் வைத்த நாவல்

2024 மே 11, சனி. கல்லடி

மாலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் நால்வர் கூடினோம். வொண்டா மெக்கின்டயர் எழுதி 1981ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி என்ட்ரபி எஃபெக்ட்’ நாவலே பேசுபொருள். 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பாகி நின்றுபோன ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் விண்கப்பலையும் மாந்தரையும் வைத்துப் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் வெளியிட்ட நாவல்களில், திரைக்கதையைத் தழுவாமல் புதுக்கதையாக எழுதப்பட்டதில் இதுவே முதலாவது. இருக்கும் ஒரே பிரதி நான்கு கை மாறியதில் அட்டை கழன்றுவிட்டது.

பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற சேர்தான் முதலில் குறை சொன்னார். கப்பல் தலைவர் கேர்க் தம் கப்பலிலேயே கொல்லப்படுகிறார். அதைத் திருத்துவதற்காகக் கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பொக் காலத்தில் பின்னோக்கிச் செல்கிறார். “கேர்க் இல்லாட்டித் தொடரே இல்லை. மறுகா என்னத்துக்கு நான் பயப்படுற?” என்று கேட்டார். தாதியாகப் பணிபுரியும் அக்கா விடவில்லை. “அபிமன்னன் சாவான் எண்டு தெரிஞ்சுதானே சேர் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறம்?” என்றார். எல்லோரும் சிரித்ததில் சேரின் கேள்வி பதிலின்றி நின்றுவிட்டது.

மே 14, செவ்வாய்

அக்காவின் பதில் அழகானது. ஆனால் பொருந்தவில்லை என்று இன்று தோன்றுகிறது. கூத்தில் நாம் அறிந்திருப்பது சாவை. அதனால் அபிமன்னன் வியூகத்துக்குள் நுழையும்போதே நெஞ்சு கனக்கிறது. இங்கே அறிந்திருப்பது பிழைப்பை. அடுத்த கதைக்காக எல்லோரையும் பழைய இடத்தில் நிறுத்திவிட்டுப் போக வேண்டிய கடப்பாடு இவ்வகை நாவலாசிரியருக்கு உண்டு. இரவல் வாங்கிய வீட்டில் சுவரை இடிக்க முடியாது. சேர் சொன்னது சரிதான். எனினும் கேர்க்கின் சாவை விட்டுவிட்டு வேறு எதற்காக இந்நாவலைப் படிப்பது என்று அவர் கேட்கவில்லை.

வைகாசி பிறந்துவிட்டது. கண்ணகி அம்மன் கோயில்களில் அம்மனின் கதைப்பாடலான வழக்குரை படிக்கும் காலம். நம் வழக்குரையில் அம்மன் மாங்கனியில் தோன்றுகிறாள். சிலப்பதிகாரத்தில் அப்படி இல்லை. அதற்காக எந்த ஊரிலாவது ஏட்டை மூடி வைத்தோமா? மூலக்கதை சொல்லாமல் விட்ட பிறப்பை வேறொருவர் பாடினார், ஊர் ஏற்றுக்கொண்டது.

மே 18, சனி

இரண்டாம் கூட்டம். நாவலின் தலைப்பில் உள்ள எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, பற்றிச் சேர் அரைமணி நேரம் பேசினார். அது வீண் போகவில்லை. தனிமைப்படுத்திய தொகுதியில் எந்திரப்பி குறையாது என்பது விதி. நாவலிலோ காலப் பயணத்தின் விளைவாக அது அளவுமீறிப் பெருகி அண்டத்தையே அச்சுறுத்துகிறது. “இது புனைவு, ஆனால் சோம்பேறிப் புனைவு இல்லை” என்று அவர் ஒப்புக்கொண்டார். ஒளியும் தப்ப முடியாத எல்லையான நிகழ்வெல்லையால் மறைக்கப்படாத ஒருமைப்புள்ளியை (பொருள் எல்லையின்றி நெருங்கும் இடத்தை) இயற்கை அனுமதிக்காது என்று றோஜர் பென்றோஸ் 1969இல் முன்வைத்தது இன்றும் ஊகமாகவே இருப்பதால், ஸ்பொக் அத்தகைய ஒன்றை ஆராய்வதாக எழுதியதிலும் அவருக்குக் குறையில்லை. மெக்கின்டயர் மரபணுவியல் படித்தவர் என்று நான் சொன்னதும் அவர் முகம் மேலும் இளகியது.

அக்கா பேசியது ஹன்டர் பற்றி. 1969இல் வந்த தொடரின் கடைசிக் கதையில், கப்பல் தலைவர்களின் உலகத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று ஒரு பாத்திரம் குமுறுகிறது. இந்நாவலில் ஹன்டர் என்ற பெண் தன் கப்பலைத் தானே நடத்துகிறாள். அவள் கப்பலுக்கு மாறிப்போகத் துடிப்பவர் கேர்க்கின் கப்பலைச் செலுத்தும் சுலு. “அவளைப் பற்றி யாரும் வியக்கவே இல்லை, அதுதான் எனக்குப் பிடிச்சது” என்றார் அக்கா.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி அதுவரை வாயே திறக்கவில்லை. பிறகு சுலுவின் பெயரைப் பற்றிச் சொன்னான். தொடரில் அவருக்குச் சுலு என்ற ஒரே பெயர்தான். அதுவும் ஒரு கடலின் பெயர். மெக்கின்டயர் ஜப்பானியரின் பழைய காவியமான கெஞ்சி கதையிலிருந்து ஹிக்காரு என்ற பெயரை எடுத்து இந்நாவலில் அவருக்குச் சூட்டினார். பத்தாண்டு கழித்து, 1991இல் வெளிவந்த ஆறாவது திரைப்படத்தில் சுலுவே அப்பெயரைச் சொல்கிறார். அப்போது அவர் ஒரு கப்பலின் தலைவர். நான் வழக்குரையை நினைத்துக்கொண்டேன். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை, சேர் அதற்கும் ஒரு தடை சொல்வார்.

மே 25, சனி

இன்று மழை, தம்பி மட்டும் வந்தான். சேர் அவனிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். அட்டை பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. சுலு வரும் அத்தியாயங்களை மட்டும் மறுபடி வாசித்தாராம். கேர்க்கின் சாவைப் பற்றிய தீர்ப்பில் மாற்றமில்லையாம். மெக்கின்டயர் இரவல் மாந்தர் இல்லாமல் எழுதி 1979இல் அறிபுனைவுக்கான ஹ்யூகோ பரிசு பெற்ற ‘ட்ரீம்ஸ்னேக்’ நாவல் எங்கேயாவது கிடைக்குமா என்றும் கேட்டனுப்பியிருக்கிறார்.