அந்த மூன்று நாள்

“திங்கட்கிழமைக்குத் தள்ளினா ஆகாதா, தம்பி?” என்று ஃபோர்மேன் கேட்டார். “ஒரு நாள்கூடத் தள்ள முடியாதண்ணே” என்றேன். ஓராண்டுக்கு மேலாகியும் இந்த இரண்டு வரிகளும் என்னை விடவில்லை. நான் சொன்னது உண்மையன்று. முழுப் பொய் என்று ஒப்புக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

சிங்கப்பூரில் ஒரு கட்டுமான சைட்டில் புரோகிராம், அதாவது வேலை அட்டவணை, போடுவது என் வேலை. ஐந்தாம் தளத்துக்குச் சனிக்கிழமை காங்கிரீட் என்பது புரோகிராம். டிசம்பர் மழையில் இரண்டு பிற்பகல்கள் ‘கேட் 1’ என்ற உச்ச மின்னல் எச்சரிக்கை வந்து கம்பி கட்டும் வேலை நின்றுபோயிருந்தது. சுற்றிலும் குடியிருப்பு புளோக்குகள் என்பதால் சனி இரவு 10 மணிமுதல் திங்கள் காலை 7 மணிவரை வேலை செய்யக் கூடாது. ஆனால் பிரைமவேரா என்ற அட்டவணை மென்பொருளில் அந்த வேலைக்கு மூன்று நாள் ஃப்ளோட் இருந்தது. அதாவது, மூன்று வேலை நாள்கள் தாமதமானாலும் ஒப்படைக்கும் தேதி நகராது. சைட்டுக்குக் கொடுக்கும் ஏ3 தாளில் ஃப்ளோட் காட்டும் பத்தியை மறைத்துத்தான் அச்சிடுவேன். மழையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்த அந்தத் தாளில் வியாழனையும் வெள்ளியையும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு அவர் ஆட்களிடம் பேசப் போனார். இரண்டு இரவும் விளக்கு வெளிச்சத்தில் கம்பி கட்டினார்கள். சனிக்கிழமை மாலையே காங்கிரீட் முடிந்துவிட்டது.

மறைத்ததற்கு எனக்குக் காரணம் இருந்தது. முந்தைய புராஜெக்ட்டில் ஃப்ளோட்டை எல்லாருக்கும் திறந்து காட்டியிருந்தேன். முதலில் வந்த பலகை அடிக்கும் குழுவே அதை முழுவதும் தின்றுவிட, கடைசியில் வந்த மின்சார, குழாய்ப் பணியாளர்கள் வாரக்கணக்கில் இரவு வேலை பார்த்தார்கள். ஒரே வரிசையில் வரும் வேலைகள் அனைத்துக்கும் பொதுவான நாள்கள் அவை. முன்னால் வருபவர் எடுத்துக்கொண்டால் பின்னால் வருபவருக்கு மிஞ்சாது. இந்த முறை அப்படி ஆகவில்லை: ஆளையும் பொருளையும் மேலேற்றும் ஹாய்ஸ்ட் பழுதாகி இரண்டு நாள்கள் போனபோது, நான் காத்துவைத்த நாள்களே எங்களைக் காப்பாற்றின. மாதத்துக்கு 72 மணி நேர ஓவர்டைம் வரம்பையும் யாரும் தாண்டவில்லை. உரிய சம்பளமும் கொடுக்கப்பட்டது. கணக்கில் பிழை இல்லை.

ஆனால் அந்த ஹாய்ஸ்ட் பழுதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில்தான் புரோகிராம் முழுவதும் திரையில் விரிந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபோர்மேன் கூட்டம் முடியும்வரை பொறுத்திருந்து, வாசலில் என்னிடம் கேட்டார்: “அந்த மூணு நாள் அப்பவே இருந்துச்சா, சார்?” இருந்தது என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் வாயிலிருந்து ‘தம்பி’ வரவில்லை.

தமிழில் ‘முடியாது’ என்ற சொல் இயலாததையும் குறிக்கும், மறுப்பதையும் குறிக்கும். நான் மறுப்பைத்தான் சொன்னேன், அவர் இயலாமை என்று எடுத்துக்கொண்டார் என்று பல நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் நிற்காது. அவர் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். “மூன்று நாள் இருக்கிறது, ஆனால் அது பின்னால் வருபவர்களுக்கு” என்று சொல்லியிருந்தால் அவர் சனிக்கிழமையே முடித்திருக்கவும் கூடும். ஃப்ளோட் யாருக்குச் சொந்தம், உரிமையாளருக்கா ஒப்பந்ததாரருக்கா என்று ஒப்பந்த வல்லுநர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டுவருகிறார்கள். கம்பி கட்டுபவருக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்டவரை நான் சந்தித்ததில்லை. நானும் கேட்கவில்லை. இருந்தும், அவரிடம் சொல்லியிருந்தால் செய்தி மாலைக்குள் எல்லாக் குழுக்களுக்கும் போயிருக்கும், ஹாய்ஸ்ட் பழுதான வாரத்தில் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்ற எண்ணமும் என்னைவிட்டுப் போகவில்லை.

இப்போது வேறு சைட், வேறு ஃபோர்மேன். சென்ற வாரம் அவரும் செவ்வாய்க்கிழமை வேலையைப் புதனுக்குத் தள்ளலாமா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். என் முன்னால் கணினியில் அந்த ஃப்ளோட் பத்தி திறந்தே இருந்தது. அதில் 4 என்று இருந்தது.