பொரியாத முட்டைகளை உடைத்து எண்ணிய பிறகு

எங்கள் குஞ்சுப் பொரிப்பகத்தில் சில மாதங்களாகப் பொரிப்பு விழுக்காடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. எல்லோருக்கும் முட்டைகளை அடைவைக்கும் இயந்திரமான செட்டர் மீதுதான் சந்தேகம். வெப்பநிலையோ 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றது. சரி, பதிவேடுகளையே எடுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நோட்டில் இருந்ததை எக்செல்லில் ஏற்றுவதே பெரும்பாடு. ஒருவர் முட்டையிட்ட தேதியை எழுதியிருந்தார், இன்னொருவர் அடைவைத்த தேதியை. மந்தை எண் இல்லாத பக்கங்களை மனமில்லாமல் ஒதுக்கினேன்.

நாங்கள் பார்த்துவந்த ஒற்றை எண் பாதி விஷயத்தை மறைத்திருந்தது. 100 முட்டை வைத்து 80 குஞ்சு வந்தால் 80 விழுக்காடு என்று எழுதிவிடுவோம். அதில் 10 முட்டை கருக்கூடாதவை என்றால், கருக்கூடிய 90-இல் 80, அதாவது ஏறக்குறைய 89 விழுக்காடு. கருக்கூடாததற்குத் தாய்க்கோழிப் பண்ணையில் சேவல்களைக் கவனிக்க வேண்டும். கரு இறந்திருந்தால் சேமிப்பையும் இயந்திரத்தையும் முதலில் பார்க்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய முட்டையை உடைத்தே ஆக வேண்டும். 21 நாள் சூட்டில் இருந்துவிட்டால் மிக முன்பே இறந்த கருவும் கருக்கூடாததும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் 10-ஆம் நாளே வெளிச்சத்தில் பார்த்து, உள்ளே கரு தெரியாமல் தெளிவாக இருந்தவற்றை உடைத்தேன். மிச்சத்தைப் பொரிப்பு நாளில் உடைத்தேன். ஓட்டைக் கொத்திவிட்டு வெளியே வர முடியாமல் போன குஞ்சுகளை எண்ணும்போது மனசு கனத்துவிடும்.

அடைவைத்த முதல் வாரத்திலேயே கரு இறந்ததுதான் அதிகம். சேமித்த நாட்களோடு சேர்த்து வரைந்தால், ஏழு நாளைத் தாண்டியதும் கோடு ஏறியது. அங்கேயே முடித்திருப்பேன். அப்புறம்தான் உறைத்தது: அதிக நாள் காத்திருந்த முட்டைகளில் பெரும்பாலானவை வயதான மந்தையுடையவை. வயதான கோழியின் முட்டைக்கு இயல்பாகவே பொரிதிறன் குறைவு. அப்படியானால் காரணம் வயதா, சேமிப்பா? ஒரே மந்தையில், ஒரே நாளில் அடைவைத்த முட்டைகளை மட்டும் எடுத்துப் புதியதையும் பழையதையும் ஒப்பிட்டேன். வித்தியாசம் அப்படியே இருந்தது. இந்த ஒரு ஒப்பீட்டுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அத்தனை வேலையிலும் உருப்படியானது இதுதான்.

குளிரறையில் போய்ப் பார்த்தால், புதிதாக வந்த தட்டுகளை முன்னால் அடுக்க அடுக்க, பழையவை பின்னால் தங்கியிருந்தன. தேதிச் சீட்டு ஒட்டி, முதலில் வந்ததை முதலில் வைக்கத் தொடங்கினோம். தவிர்க்க முடியாமல் தங்கிய முட்டைகளை, சேமித்த ஒவ்வொரு நாளுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற கணக்கில் முன்கூட்டியே அடைவைத்தோம். முதல் வார இறப்பு இறங்கியது.

கடைசி நாட்களின் இறப்பு மட்டும் ஒரு இயந்திரத்தில் குறையவில்லை. 18-ஆம் நாளுக்குள் முட்டை ஈரம் ஆவியாகி 12 விழுக்காடு அளவுக்கு எடை இழக்க வேண்டும். அந்த இயந்திரத்தில் 14-ஐத் தாண்டியிருந்தது. ஈரப்பதம் காட்டும் வெப்பமானியின் துணித்திரி அழுக்கேறிக் காய்ந்துபோய், உள்ளே காற்று வறண்டிருந்தும் ஈரம் போதுமென்று காட்டிக்கொண்டிருந்தது. திரியை மாற்றிவிட்டேன். இப்போது உள்ளே இருக்கும் முட்டைகளுக்கு 18-ஆம் நாள் வர இன்னும் நான்கு நாள் இருக்கிறது.