நாட்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புத் திறனை மதிப்பிட்ட இருபது மாதங்கள்

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில் புதிய உலகப் பல்லுயிர்ச் செயல்திட்டம் ஏற்கப்பட்டபோது, உறுப்பு நாடுகள் தங்கள் தேசியப் பல்லுயிர் உத்தியையும் செயல்திட்டத்தையும் அதன் 23 இலக்குகளுக்கு ஏற்பத் திருத்தி, அடுத்த மாநாட்டுக்குள் அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டன. எங்கள் நாட்டிலும் அந்தத் திருத்தப் பணி தொடங்கியது. அதில் திறன் மதிப்பீடு என்ற பகுதி 2023 மார்ச்சில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த அலுவலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன பயிற்சி பெற்றிருக்கிறார்கள், எது குறைகிறது என்று பட்டியலிட்டால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இருபது மாதங்கள் ஆயின. இதே வேலையில் அமரப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்த மாதங்களில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

1992-இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1993 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த பல்லுயிர் உடன்படிக்கை, தேசிய உத்தி வகுப்பதை 6-ஆம் பிரிவிலும், ஆய்வையும் பயிற்சியையும் 12-ஆம் பிரிவிலும் கடமையாக வைத்திருக்கிறது. ஆகவே திறன் வளர்ப்பு புதிய சொல் அன்று. முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு ஆவணத்திலும் இடம்பெறுகிறது. இருந்தும், அதே உடன்படிக்கையின்கீழ் 2010-இல் வகுக்கப்பட்ட, ஐச்சி எனப்படும் இலக்குகள் இருபதில் ஒன்றைக்கூட உலகம் 2020-க்குள் முழுமையாக எட்டவில்லை. அதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனாலும் எங்கள் கோப்புகளைப் புரட்டியபோது, நாங்கள் திறன் என்று எண்ணிவந்தது பெரும்பாலும் பயிற்சி நாள்களின் எண்ணிக்கையைத்தான் என்பது தெளிவாகியது.

முதல் நான்கு மாதங்கள் இருப்பை அறியும் வேலையில் கழிந்தன. வனம், மீன்வளம், வேளாண்மை, சுற்றுச்சூழல் அனுமதி, சுங்கம், பல்கலைக்கழகங்கள் என ஒவ்வோர் இடத்திலும் முந்தைய பத்தாண்டுகளில் நடந்த பயிற்சிகளின் பதிவுகளைக் கேட்டு வாங்கினோம். வருகைப் பதிவேடுகள் கட்டுக்கட்டாக வந்தன. அவற்றை வெறுமனே கூட்டிப் போடாமல், ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொண்டு அதில் கலந்துகொண்ட ஒவ்வொருவரும் இன்று எங்கே இருக்கிறார் என்று தேடுமாறு குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் வற்புறுத்தினார். இயற்கைக் காப்பகங்களுக்கு மேலாண்மைத் திட்டம் எழுதுவது குறித்த அந்த இரண்டு வாரப் பயிற்சி, வெளி நிதியுதவியுடன் மிகுந்த சிரத்தையோடு நடத்தப்பட்டது. அதில் பயின்றவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே காப்பகம் தொடர்பான பணியில் நீடித்தார்கள். மற்றவர்கள் இடமாற்றத்தில் வேறு துறைகளுக்குப் போயிருந்தார்கள், ஓய்வு பெற்றிருந்தார்கள், அல்லது ஒப்பந்தம் முடிந்து வெளியேறியிருந்தார்கள். அந்தப் பயிற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். கற்றது அந்த மனிதர்களிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் அவர்கள் எழுதத் தொடங்கிய திட்டங்கள் இருந்த அலுவலகங்களில் அது இல்லை.

தனிமனிதர், நிறுவனம், இவ்விரண்டையும் சூழ்ந்துள்ள சட்டமும் கொள்கையும் நிதியும் என மூன்று நிலைகளில் திறனை அளவிட வேண்டும் என்று வழிகாட்டு ஆவணங்கள் எல்லாம் கூறுகின்றன. அதை நூறு முறை படித்திருக்கிறேன். அந்த வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே இன்றைய பணியிடத்தைப் பென்சிலால் குறித்த அன்றுதான் அதன் பொருள் எனக்குப் புரிந்தது.

அடுத்தது மதிப்பெண் அட்டை. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் திட்டங்களில் பயன்படும் ஓர் அட்டையை எங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம். அதில் 15 குறியீடுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். முதல் சுற்றில் அட்டையை அலுவலகங்களுக்கே அனுப்பி நிரப்பித் தரக் கேட்டோம். பெரும்பாலான இடங்களில் 3 வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. தங்கள் துறை குறைவாக மதிப்பிடப்பட்டால் ஒதுக்கீடு குறையும் என்ற அச்சம் இருந்தது, அது நியாயமான அச்சமும்கூட. இரண்டாம் சுற்றில் நேரில் சென்று, ஒவ்வொரு 3-க்கும் ஓர் ஆதாரத்தை மட்டும் காட்டுமாறு கேட்டோம்.

“கண்காணிப்பு முறை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. கடைசியாக எடுத்த கணக்கெடுப்பைப் பார்க்கலாமா?”

“எடுத்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய கணினியில் இருந்தது.”

இந்தப் பதிலை வெவ்வேறு சொற்களில் பல இடங்களில் கேட்டோம். மதிப்பெண்கள் இறங்கின. மதிப்பெண் குறைவது தண்டனைக்கு அன்று, கோரிக்கைக்கு வலு சேர்க்கத்தான் என்று எழுத்துப்பூர்வமாக உறுதியளித்த பிறகே பல அலுவலர்கள் மனம் திறந்து பேசினார்கள். அந்த உறுதியை முதல் நாளே அளித்திருக்க வேண்டும். அது என் தவறு. அதனால் மூன்று மாதங்கள் வீணாயின.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைப் பரிசீலிக்கும் ஓர் அலுவலகத்தில் பல்லுயிர் பற்றிய அத்தியாயங்களைப் படிக்க இருவரே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கடற்கரைத் திட்டம் ஒன்றின் அறிக்கையைத் திறந்து, அதன் பின்னிணைப்பில் இருந்த தாவரப் பட்டியலில் விரலை வைத்துக் காட்டினார். மழைக்காட்டு மலைச்சரிவில் மட்டும் வளரும் மரம் ஒன்று அந்த மணற்பரப்பில் காணப்பட்டதாக எழுதப்பட்டிருந்தது. வேறெங்கோ தயாரித்த பட்டியலை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அவர் தாவரவியல் படித்தவர் என்பதால் கண்ணில் பட்டது. மற்றவர் பொறியியல் படித்தவர், அவர் மேசைக்கு வந்திருந்தால் அது கடந்து போயிருக்கும். சட்டத்தில் குறையில்லை, படிவத்தில் குறையில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

என்னை மிகவும் பாதித்தது உலர்தாவரக் காப்பகத்தில் கழித்த ஒன்பது நாள்கள். தலைமுறைகளாகச் சேகரித்த தாவர மாதிரிகள் தடித்த தாள்களில் ஒட்டப்பட்டு, இரும்பு அலமாரிகளில் குடும்பவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டியபோது அடிப்படையாகக் கொள்ளப்பட்ட மூல மாதிரிகள் சிவப்பு உறைகளில் தனியே இருந்தன. அங்கே நாற்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற வகைப்பாட்டியலாளர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள்கள் ஊதியமின்றி வந்துகொண்டிருந்தார். அவர் ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தபோது, இலைகளில் குண்டூசித் தலையளவு துளைகளும் தாளில் பழுப்பு நிறத் தூளும் இருந்தன. புகையிலை வண்டின் வேலை. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கு அருகில் ஒரு வாரம் உறையவைத்தால் அது அழிந்துவிடும். அதற்கான உறைகலம் ஒரு திட்டத்தின் நிதியில் வாங்கப்பட்டு, திட்டம் முடிந்தபின் பழுதுபார்க்க ஒதுக்கீடு இல்லாமல் மூலையில் நின்றது.

“இதற்கு எவ்வளவு செலவாகும் ஐயா?”

“உறைகலத்தைச் சரிசெய்துவிடலாம் தம்பி. இந்தப் புல் குடும்பத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லுங்கள், அதுதான் எனக்கு வேண்டும்.”

அன்றிரவு என் குறிப்பேட்டில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதிவைத்தேன். அறிக்கையின் போக்கை மாற்றியது அதுதான். ஒரு தாவரக் குடும்பத்தைக் கண்டறியத் தெரிந்தவர் உருவாகப் பத்தாண்டுகள் ஆகும். திட்டங்களின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். கற்றுக்கொடுப்பவர் இருக்கும்போதே கற்பவரை நியமிக்காவிட்டால், பின்னால் எவ்வளவு நிதி வந்தாலும் அந்த அறிவை வாங்க முடியாது.

தரவு பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காப்பகங்களின் வனக்காவலர்கள் பல ஆண்டுகளாக விலங்குகளைக் கண்ட இடங்களைக் குறிப்பேடுகளில் எழுதிவந்திருக்கிறார்கள். அவற்றைக் கணினியில் ஏற்றி வரைபடத்தில் இட்டபோது, காட்டில் வாழும் ஒரு மான் இனம் கடலுக்குள் நின்றது. காவலர்களின் பதிவு நம்பத்தக்கதல்ல என்று ஒரு கூட்டத்தில் சொல்லப்பட்டது; அந்த ஆண்டின் தரவு முழுவதையும் ஒதுக்கிவிடலாம் என்றும் முடிவெடுக்க இருந்தார்கள். குறிப்பேட்டையே கேட்டு வாங்கிப் பார்த்தோம். காவலர் டிகிரி, நிமிடம் என்று சரியாக எழுதியிருந்தார். 30 நிமிடம் என்பது அரை டிகிரி, பதிவுசெய்தவர் அதை .50 என்று மாற்றாமல் .30 என்றே அடித்திருக்கிறார். அந்த 0.2 டிகிரி வித்தியாசம் அட்சரேகையில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். மழையில் நனைந்து மை பரவியிருந்த பக்கங்களிலும் அந்தக் காவலரின் எண்கள் பிசகவில்லை. அவரைக் குறைசொன்ன கூட்டத்தில் அவருக்கு இடம் இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

தவறைத் திருத்தி, உயிரினப் பதிவுகளுக்கென உலக அளவில் ஏற்கப்பட்ட டார்வின் கோர் தர முறைப்படி நெடுவரிசைகளை அமைத்தோம். 2001-இல் தொடங்கப்பட்ட, உலகப் பல்லுயிர்த் தரவுகளைத் திறந்த முறையில் பகிரும் ஜிபிஐஎஃப் (GBIF) தளத்துக்கு அனுப்பத்தக்க வடிவில் முதல் தொகுதி அதன் பிறகே தயாரானது. வேட்டைக்கு இலக்காகும் இனங்களின் துல்லியமான இருப்பிடங்களை மறைத்தே வெளியிட வேண்டும் என்பதையும் அப்போதே விதியாக எழுதிக்கொண்டோம்.

இவையெல்லாம் கைக்கு வந்தபின், ஒவ்வொரு குறைக்கும் வேர்க்காரணம் தேடும் கூட்டங்கள் நடந்தன. அவற்றை நீட்டிச் சொல்வதில் பயனில்லை. துறைகளுக்குள் எல்லைச் சண்டை இருந்தது, தணிந்தது. கடினமான கட்டம் நிதித்துறையோடு பேசியதுதான். எங்கள் முதல் வரைவில் பயிற்சிகள் நிறைய இருந்தன, பணியிடங்கள் குறைவாக இருந்தன. பயிற்சிக்கு வெளியிலிருந்து நிதி கிடைக்கும், நிரந்தரப் பணியிடத்துக்கு நாட்டின் வரவுசெலவிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் நாங்களே தயங்கியிருந்தோம். இரண்டாம் வரைவில் அதைத் தலைகீழாக மாற்றினோம். “இந்தப் பணியிடம் இல்லாவிட்டால் எது நின்றுபோகும்?” என்று நிதித்துறை அலுவலர் ஒவ்வொரு வரிக்கும் கேட்டார். உயிரினங்களின் அழகைப் பற்றி நாங்கள் பேசியது அவரிடம் எடுபடவில்லை. துறைமுகத்தில் இறங்கும் மரக்கட்டை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் பட்டியலிடப்பட்ட இனமா என்று சொல்ல ஆளில்லாமல் சரக்கு தேங்குவதையும், அயல் பூச்சி ஒன்றின் பெயர் தெரியாமல் கட்டுப்பாட்டு நடவடிக்கை தாமதமாவதையும் சுங்கம், வேளாண்மைத் துறைகளின் சொந்தக் கடிதங்களோடு காட்டியபோது அவர் குறிப்பெடுக்கத் தொடங்கினார். எதிராளியாக எண்ணிப் போனோம். எங்கள் ஆவணத்தை வரிக்குவரி படித்த முதல் வெளியாள் அவர்தான். இப்பணியில் இறங்குபவர்கள் நிதித்துறையைக் கடைசி மாதத்துக்கு ஒத்திவைக்க வேண்டாம், முதல் கூட்டத்திலேயே அழையுங்கள்.

கேட்ட எட்டுப் பணியிடங்களில் மூன்று ஏற்கப்பட்டன. இடமாற்றத்தின்போது தரவையும் குறிப்பேடுகளையும் கையெழுத்திட்டு ஒப்படைத்த பின்னரே பணிவிடுப்பு என்ற ஆணையும் கிடைத்தது. செலவே இல்லாத அந்த ஆணையை நான் மூன்று பணியிடங்களுக்குச் சமமாக மதிக்கிறேன். புதிய உலகச் செயல்திட்டத்தின் 20-ஆம் இலக்கான திறன் வளர்ப்பின்கீழ், பயிற்சி பெற்றோர் தொகையோடு, மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே பணியில் இருப்போர் தொகையையும் அளவுகோலாக வைத்தோம். 2024 அக்டோபரில் கொலம்பியாவின் காலி நகரில் மாநாடு கூடிய வாரத்தில் எங்கள் ஆவணம் இணையவழி பதிவேறியது.

மூன்று பணியிடங்களில் ஒன்று உலர்தாவரக் காப்பகத்துக்கு வந்தது. அண்மையில் அங்கே சென்றபோது, புதிதாகச் சேர்ந்த பெண் உருப்பெருக்கியின் கீழ் ஒரு புல்லின் பூங்கதிரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் பக்கத்தில் அமர்ந்து எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதிரிக்கு 1980-களில் அவரே இட்ட பெயர் தவறு என்று அந்தப் பெண் கண்டறிந்திருந்தார். பழைய அடையாளச் சீட்டை அகற்றக்கூடாது என்பது காப்பக மரபு. ஆகவே அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலே புதிய பெயரையும் தன் பெயரையும் தேதியையும் எழுதிய சிறு சீட்டை அவர் ஒட்டினார். பெரியவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு சீட்டுகளையும் படித்துவிட்டு, அடுத்த உறையை எடுத்துக் கொடுத்தார்.