லிட்டன் எரிந்த நாள்

"காட்டுத்தீ எந்தக் காலத்திலும் இருந்ததுதானே, இதற்குப் போய்க் காலநிலை மாற்றத்தை இழுக்கிறாயே" என்று நேற்று நண்பர் ஒருவர் கேட்டார். பாதி சரி. பொறியை மூட்டுவது மின்னலோ, அறுந்த மின்கம்பியோ, யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட்டோதான். ஆனால் பொறி விழும் இடம் எப்படி இருக்கிறது? காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை இல்லாத நாட்களில் அந்தத் தாகத்தை மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் உறிஞ்சித்தான் தீர்த்துக்கொள்கிறது. அப்புறம் காடு முழுக்கக் காய்ந்த விறகு.

கனடாவின் லிட்டனை என்னால் மறக்கவே முடியவில்லை. 2021 ஜூன் 29 அன்று அங்கே 49.6 டிகிரி செல்சியஸ். மறுநாளே தீ பிடித்து ஊரில் பெரும்பகுதி சாம்பலானது. மனிதர்கள் பூமியைச் சூடாக்காமல் இருந்திருந்தால் அந்த வெப்ப அலை ஏறக்குறைய வந்திருக்கவே முடியாது என்று அதை ஆராய்ந்த விஞ்ஞானிகள் சொன்னார்கள்.

காட்டைப் பராமரிக்கும் விதமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. சின்னத் தீயைக்கூட விடாமல் அணைத்து அணைத்தே பல காடுகளில் சருகும் சுள்ளியும் குவிந்துவிட்டன. அதைச் சொல்லிவிட்டு வெப்பத்தைப் பற்றிப் பேச மறுப்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.