தின்னவேலியில் இருந்து தின்னவேலிக்கு

வெளிநாட்டு மாணவர்கள் இந்தியாவுக்கு வந்து 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்றார்கள். போனேன். படிவத்தைப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே திருப்பி நீட்டினார். “தம்பி, இப்ப இருக்கிற விலாசம் கேக்கல. உங்க நாட்டு விலாசம்.” நான் எழுதியிருந்தது சரிதான்: திருநெல்வேலி, யாழ்ப்பாணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தின் பெயரே அதுதான். பேச்சில் எங்களுக்குத் தின்னவேலி. நான் படிக்க வந்த இந்தத் தமிழ்நாட்டுத் திருநெல்வேலியும் பழைய ஆட்களுக்குத் தின்னவேலிதான். அவருக்கு இதை விளங்கவைக்க கால் மணி நேரம் ஆனது.

எங்கள் வீடு கம்பஸ் மதிலுக்குக் கிட்ட. மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பாட்டும் கூச்சலும் கேட்டே வளர்ந்ததால், படிக்கப் போகும் இடத்தில் பம்பலுக்கு, அதாவது கலகலப்புக்கு, குறைவிராது என்று நினைத்திருந்தேன். பாளையங்கோட்டையில் முதல் மாதமே அந்த நினைப்பு கரைந்தது. மூன்றரைக்கு வகுப்பு முடியும். ஏழு மணிக்கு விடுதிக் கதவை அடைப்பார்கள். நடுவில் ஒரு கேரம் பலகை. அதிலும் சிவப்புக் காய் தொலைந்துபோய், மருந்து போத்தல் மூடி ஒன்று அதன் வேலையைப் பார்த்தது. கலை விழா என்று இரண்டு நாள் நடந்தது. சினிமாப் பாட்டு, ஆட்டம், காது அடைக்கும் ஸ்பீக்கர். நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் மேடையில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கடைசி வரிசையில் இருந்து பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

பேச்சும் ஒரு தடை. வாசலில் இருந்த டீக்கடை அண்ணாச்சி “சீனி போடவா?” என்றால் “ஓம்” என்பேன்; எங்களுக்கு ஓம் என்றால் ஆமாம். “என்ன தம்பி, டீக்கு மந்திரம் சொல்லுதிய?” என்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் வெறுமனே தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

அறைத்தோழன் சேரன்மாதேவிப் பக்கத்துக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “ஏலே, ஆத்துக்கு வாறியா?” என்று குறுக்குத்துறைக்கு இழுத்துப் போனான். நான் ஆறு இல்லாத ஊரில் பிறந்தவன். வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, மழை பெய்தால் மட்டும் அது ஆறு. மற்றபடி கிணறும் வாளியும்தான். தாமிரபரணியில் ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் நிற்கிறது; பெருவெள்ளம் வந்தால் முங்கிவிடும் என்றான். முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலடியில் மணல் நழுவிக்கொண்டே இருந்தது. ஒன்றும் செய்யாமல் இரண்டு மணி நேரம் போனது. அதற்கப்புறம் ஞாயிறு என்றால் ஆறுதான்.

சித்திரையில், “எங்க ஊர்ல கொடை, வந்துரு” என்றான். கோயிலுக்கு நன்கொடை சேர்க்கிறார்கள் போல என்று நினைத்து 200 ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கொடை என்றால் திருவிழாவாம். முதலில் பனை ஓலைப் பட்டையில் பதநீர் தந்தார்கள். எங்களுக்குப் பதநீர் கருப்பநீர், பட்டை பிளா. பெயர்தான் வேறு, குடித்தால் அதே ஊர். அவனுடைய அம்மா, “எய்யா, இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கோய்யா” என்று விடவே இல்லை.

இரவு சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து. மகுடம் என்பது அதில் அடிக்கும் தோல் வாத்தியம். மகுடக்காரர்கள் இருவரும் வைக்கோலைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் மகுடத்தின் தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டினார்கள். ஒரு மகுடம் உச்சத்தில் பேசும், மற்றது தாழ்ந்து பதில் சொல்லும். பெண் வேடமிட்டு ஆடியவரின் சலங்கை அதற்குள் புகுந்து புகுந்து வரும். இன்னொரு பக்கம் வில்லுப்பாட்டு. எங்கள் கோயில்களிலும் வில்லிசை உண்டு. சின்னமணி என்ற பெயரைத் தெரியாத யாழ்ப்பாணத்தார் குறைவு. ஆனால் எங்களுக்கு அது வந்து உட்கார்ந்து கேட்கிற நிகழ்ச்சி. இங்கே கதை ஏற ஏற ஒருவருக்குச் சாமி வந்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை, வில்லின் நாணைத் தட்டும் வீசுகோல் இன்னும் வேகமாக விழுந்தது. விடியும்வரை கண் மூடவில்லை.

திரும்பி வந்து நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். தமிழ்த்துறை விழாவுக்கு வில்லுப்பாட்டு என்று பெயர் கொடுத்தாயிற்று. தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அங்கே படித்த நண்பன் ஒருவன் உட்காரும் முறையையும் தாளத்தையும் காட்டித் தந்தான். பாட்டு வராத எனக்குக் குடம். மூன்றாம் நாளே ஓங்கி அடித்து அதை உடைத்தேன்.

புதுக் குடத்துக்குக் காருகுறிச்சி போகச் சொன்னார்கள். பேருந்தில் பெயர்ப்பலகையைப் பார்த்ததும்தான் உறைத்தது. இறங்கி அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“எந்தக் காருகுறிச்சி? அருணாசலத்தின்ர ஊரோ?”

“ஓம் அப்பா.”

அப்பாவிடம் இருந்த கேசட்டுகளில் பாதி காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். 1964இல் போய்விட்ட மனிதர் எங்கள் வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாசித்தார்.

“அங்க என்ன செய்யிறாய்?”

“குடம் வாங்க வந்தனான்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சரி, நல்லாத் தட்டிப் பாத்து வாங்கு.”

குயவர், தண்ணிக்கா வில்லுக்கா என்று கேட்டார். வில்லுக்கு என்றதும் உள்ளே போய்க் கனமான ஒன்றை எடுத்து வந்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். கணீர் என்றது. பேருந்தில் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

விழாவன்று வைக்கோல் பிரிமணையில் குடத்தை வைத்து, வில்லை அதோடு கட்டி, தந்தனத்தோம் என்று தொடங்கியாயிற்று. கதை தாமிரபரணியின் கதை, அறைத்தோழன் எழுதியது. பொதிகையில் பிறக்கிறாள். ஆமா. பாபநாசத்தில் இறங்குகிறாள். ஆமா. புன்னைக்காயலில் கடலில் சேருகிறாள். ஆமா. “அந்தக் கடலுக்கு அக்கரையில இருக்கது இலங்கைதானே?” என்று கேட்டு என் பக்கம் திரும்பினான். எழுதி வைத்ததில் அங்கேயும் ஆமாதான்.

“ஓம்!” என்றேன்.

வீசுகோலை மேலே தூக்கியவன் அப்படியே நின்றான். அரங்கம் சிரித்து, அப்புறம் கைதட்டியது. அவன் விடவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை கேட்டான்; வலப்பக்கம் ஆமா, குடத்துக்குப் பின்னால் ஓம்.

மறுநாள் காலை டீக்கடையில், “அண்ணாச்சி, ஒரு டீ” என்றேன்.

“ஓம் தம்பி” என்றார்.